காயாத கல்தரை

நடக்கவே நடக்காத காரியத்தை நாம் குதிரைக்கொம்பு என்கிறோம். சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் அதற்கு வேறு பேச்சு உண்டு. கொடுத்த கடன் எப்போது திரும்பும் என்று கேட்டால், "வுச்சிரியாவில் தரைக்கல் காயும்போது" என்பார்கள். வுச்சிரியா அந்த ஊர்த் துறைமுகத்தை ஒட்டிய பழைய திறந்தவெளிச் சந்தை. மீன்காரர்கள் பனிக்கட்டி உருகிய நீரையும் பலகை கழுவிய நீரையும் விடிந்ததிலிருந்து கொட்டிக்கொண்டே இருப்பார்கள். கல் காய்வதற்கு நேரமே கிடைக்காது. அந்தக் கல்லின் பெயர் 'பலாத்தா'. பாவிய கல்லைக் குறிக்கும் 'பலாத்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது.

ஒரு ஜூலை மாதக் காலையில் பத்து மணிக்கு நான் அங்கே போய் நின்றேன். கல் காய்ந்திருந்தது. சதுக்கத்தில் சில கடைகள் மட்டுமே திறந்திருந்தன. மற்றவை முந்தைய இரவின் மதுக்கூடங்கள். கதவை இறக்கிவிட்டு உறங்கிக்கொண்டிருந்தன. பழமொழி பொய்த்துப்போன இடத்தில் நிற்பது ஒரு வீட்டில் துக்கம் நடந்ததை அறியாமல் போய்க் கதவைத் தட்டியதுபோல இருந்தது.

அங்கிருந்து தென்மேற்கே கால் மணி நேரம் நடந்தால் அல்பெர்கேரியா என்ற பழைய பேட்டை. அதன் நடுவில் பல்லாரோ சந்தை. அங்கே கல் வழுக்கியது. பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. ஒரே ஊர், ஒரே கடல், ஒரே மொழி, கூப்பிடு தூரத்தில் இரண்டு சந்தைகள். ஒன்று காய்ந்துபோக மற்றது ஈரமாக இருப்பது ஏன் என்ற கேள்வியோடுதான் மீதி நாட்களை அந்த ஊரில் கழித்தேன். விடை சரக்கிலும் இல்லை, விலையிலும் இல்லை என்பது என் துணிபு. அது சந்தையைச் சுற்றி இருக்கும் வீடுகளில், அவற்றின் அடுப்புகளில் இருக்கிறது.

வுச்சிரியாவின் உருவத்தை உலகம் முழுதும் கொண்டுபோனது ஓர் ஓவியம். பலெர்மோவுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவில் பிறந்த ரெனாத்தோ குத்தூசோ 1974-இல் வரைந்தது. அகலம் மூன்று மீட்டர், உயரம் மூன்று மீட்டர். அதில் வானம் இல்லை. நெற்றிக்கு நேராக உயர்ந்து நிற்கும் சரக்கு: வாள்மீன், தோலுரித்துத் தொங்கவிட்ட மாட்டுச் சதை, முட்டை, பாலாடைக்கட்டி, காய்கள். அவற்றின் நடுவே மெல்லிய சந்து. அதில் வெள்ளை உடுத்த ஒரு பெண் நமக்கு முதுகு காட்டிப் போகிறாள். ஓவியம் இப்போது பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான ஸ்தேரி மாளிகையில் இருக்கிறது. ஒரு காலத்தில் மதக்குற்ற விசாரணை மன்றம் இயங்கிய கட்டடம் அது. கைதிகள் சிறைச்சுவரில் கீறிய படங்களையும் எழுத்துகளையும் இன்றும் பார்க்கலாம். ஓவியத்தின் முன் நின்றபோது எனக்குத் தோன்றியது ஒன்று: அந்த நிறைவு வரையப்பட்ட ஆண்டில் சந்தையைச் சுற்றியிருந்த வீடுகள் ஏற்கெனவே காலியாகிக்கொண்டிருந்தன.

அதைச் சொல்வதற்கு முன் ஆயிரம் ஆண்டு பின்னே போக வேண்டும். 831-இல் அரபுகள் பலெர்மோவைப் பிடித்தார்கள். 1072-இல் நார்மானியர்களிடம் இழந்தார்கள். இடைப்பட்ட காலத்தில், 973 வாக்கில், இப்னு ஹவ்கல் என்ற பயணி இங்கே வந்தார். கடைத்தெருக்களைத் தொழில் தொழிலாக எழுதி வைத்திருக்கிறார்: எண்ணெய் விற்பவர், நாணயம் மாற்றுபவர், மருந்துச் சரக்கு விற்பவர் என்று. கசாப்புக்காரர்களின் பள்ளிவாசலில் ஒருநாள் தொழுகைக்கு நின்றவர்களை எண்ணியிருக்கிறார். முப்பத்தாறு வரிசைக்கு மேல், வரிசைக்கு இருநூறு பேர் வரை. கிட்டத்தட்ட 7,000 பேர். இந்த ஊர்க்காரர்கள் அவருக்குப் பிடிக்கவே இல்லை. பச்சை வெங்காயத்தை அளவுமீறித் தின்று புத்தி கெட்டுப்போனவர்கள் என்று எழுதினார். ஆயிரம் ஆண்டு கழித்தும் பல்லாரோவில் வெங்காயம் குவிந்திருக்கிறது. தணலில் சுட்ட முழு வெங்காயத்தைத் தட்டில் அடுக்கி விற்கிறார்கள். வாங்கித் தின்றேன். வெளியே கருகிய தோல். உள்ளே பாகுபோலக் குழைந்த இனிப்பு. இப்னு ஹவ்கல் இதைச் சாப்பிட்டிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

பல்லாரோ என்ற பெயரும் அவருடைய குறிப்புகளோடு தொடர்புடையது. மொன்ரெயாலே மலைப்பக்கம் 'பல்ஹரா' என்றொரு ஊர் இருந்ததாக அவர் எழுதுகிறார்; அங்கிருந்து சரக்கு வந்து இறங்கிய சந்தைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பது பரவலான கருத்து. இன்னொரு கருத்தும் உலவுகிறது. தக்காணத்தை ஆண்ட இராட்டிரகூட அரசர்களை அரபு எழுத்தாளர்கள் 'பல்ஹரா' என்றே குறித்தார்கள். 'வல்லபராஜ' என்ற பட்டத்தின் அரபு வடிவம் அது. எனவே இந்திய வாசனைச் சரக்கு விற்ற சந்தை, இந்திய அரசனின் பெயரைத் தாங்குகிறது என்கிறார்கள். கேட்க இனிக்கும் கதை. ஆனால் ஒலி ஒத்துப்போவதை வரலாறு என்று கொள்ளக் கூடாது. பக்கத்து ஊரின் பெயர் போதுமான விளக்கமாக இருக்கும்போது தக்காணம் வரை போகத் தேவையில்லை.

நம் பக்கத்திலிருந்து உண்மையாகவே வந்து சேர்ந்தவை வேறு. அவை காய்களின் பெயர்களுக்குள் இருக்கின்றன. அங்கே ஆரஞ்சுக்குப் பெயர் 'அராஞ்ச்சா'. அரபியில் 'நாரஞ்ச்', பாரசீகத்தில் 'நாரங்', வடமொழியில் 'நாரங்க'. அதற்கும் அடியில் இருப்பது திராவிட வேர் என்பது மொழியியலாளர் பலரின் முடிவு. நம் நாரத்தை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. பலெர்மோவில் சோற்றை உருட்டி, நடுவில் கறியும் பட்டாணியும் வைத்து, எண்ணெயில் பொரித்து விற்கும் உருண்டையின் பெயர் 'அரான்சீனா', அதாவது குட்டி ஆரஞ்சு. கத்தரிக்காய்க்கு 'மெலன்சானா'. அரபியின் 'பாதின்ஜான்' வழியாக வந்தது. அதன் மூலத்தை நம் வழுதுணங்காயோடு சேர்த்துப் பார்க்கும் அறிஞர்கள் உண்டு. இந்தச் சொற்கள் அரசர்களின் கப்பலில் ஏறி வரவில்லை. விதையோடும் நாற்றோடும் கை மாறி, கைமாறிய ஒவ்வொரு இடத்திலும் வாய்க்கு ஏற்பத் தேய்ந்து வந்தவை. அரபுகள் இங்கே கொண்டுவந்த எலுமிச்சை, கரும்பு, கத்தரி, இவற்றுக்கு நீர் பாய்ச்சும் முறை எல்லாம் ஆட்சி போன பிறகும் தங்கின. எள்ளுக்கு இன்றும் சிசிலி மொழியில் 'ஜுஜுலேனா' என்ற அரபுப் பெயர்தான். கடலைமாவுக் களியைத் தகடாக வெட்டிப் பொரித்தால் 'பானெல்லே'; அதை அந்த எள் தூவிய ரொட்டிக்குள் வைத்துத் தின்பார்கள். கூலிக்காரர்களின் மதிய உணவு.

சந்தையின் உணவுகளில் மிகப் பழைய நினைவைச் சுமப்பது மாட்டுச் சுவரொட்டி ரொட்டி. நம் ஊர்க் கசாப்புக்கடையில் மண்ணீரலைச் சுவரொட்டி என்போமே, அதுவே. சுவரொட்டியையும் நுரையீரலையும் வேகவைத்து, மெல்லிய துண்டுகளாக அரிந்து, அகன்ற சாய்வுப் பாத்திரத்தில் பன்றிக்கொழுப்பில் சூடாக்கி ரொட்டியில் திணிக்கிறார்கள். எலுமிச்சை மட்டும் பிழிந்தால் 'ஸ்கியெத்தா', மணமாகாதவள். பாலாடைக்கட்டி சேர்த்தால் 'மரித்தாத்தா', மணமானவள். ஊரில் சொல்லும் வரலாறு இது: இடைக்காலப் பலெர்மோவின் யூதக் கசாப்புக்காரர்கள் தங்கள் சமய விதிப்படி அறுப்புக்குப் பணம் வாங்கக் கூடாது, கூலியாக உள்ளுறுப்புகளை எடுத்துக்கொண்டார்கள், அவற்றைச் சமைத்துக் கிறித்தவர்களுக்கு விற்றுக் காசாக்கினார்கள். 1492-இல் எசுப்பானிய அரசாணை வந்தது. சில மாதங்களுக்குள் சிசிலியில் மதம் மாறாத யூதர்கள் அனைவரும் தீவைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் போனார்கள், சமையல் தங்கிவிட்டது. பன்றிக்கொழுப்பும் பாலாடைக்கட்டியும் பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. துரத்தப்பட்ட ஒரு மக்களின் கைப்பக்குவத்தைத் துரத்திய ஊர் ஐந்நூறு ஆண்டாகத் தின்றுகொண்டிருக்கிறது. முதல் கடியிலேயே இது நினைவுக்கு வந்துவிட்டது. அதற்குமேல் அந்த ரொட்டியை வெறும் ருசியாக என்னால் தின்ன முடியவில்லை.

இனி வுச்சிரியாவுக்குத் திரும்பலாம். 1943-இல் நேச நாடுகளின் விமானங்கள் பலெர்மோ மேல் குண்டு வீசின. மே 9 அன்று நடந்தது பெருந்தாக்குதல். துறைமுகத்தை ஒட்டிய பேட்டைகள் நொறுங்கின. போர் முடிந்தது, இடிபாடுகளை அள்ளவில்லை. பழைய நகரைச் சீர்செய்வதைவிட வடக்கே இருந்த எலுமிச்சைத் தோப்புகளை அழித்து அடுக்குமாடி கட்டுவதில் லாபம் அதிகம். சால்வோ லிமா 1958-இல் மேயர் ஆனார்; வீத்தோ சான்சிமீனோ பொதுப்பணிகளுக்குப் பொறுப்பேற்றார். 1959 முதல் 1963 வரை வழங்கிய 4,000-க்கும் மேற்பட்ட கட்டட அனுமதிகளில் பெரும்பகுதி ஐந்தே பேரின் பெயரில் போனது. அந்த ஐவர் யாருக்கோ முகமூடிகள். எர்னெஸ்தோ பசீலே என்ற பெரும் கட்டடக் கலைஞர் வடித்த தெலியெல்லா மாளிகையை 1959 நவம்பரில் ஓர் இரவில் இடித்துத் தள்ளத் தொடங்கினார்கள். சட்டப் பாதுகாப்பு வந்துவிடும் என்ற அவசரம். அந்த மனை பல பத்தாண்டுகள் வண்டி நிறுத்துமிடமாகக் கிடந்தது. இத்தாலியர்கள் இந்தக் காலத்தைப் 'பலெர்மோவின் சூறை' என்கிறார்கள். சான்சிமீனோ பின்னாளில் மாஃபியாத் தொடர்புக்காகத் தண்டிக்கப்பட்டார். லிமாவை 1992-இல் மாஃபியாவே சுட்டுக் கொன்றது.

சூறை என்றதும் இடித்த மாளிகைகளைத்தான் எல்லோரும் எண்ணுகிறார்கள். காலியான அடுப்புகளை யாரும் எண்ணவில்லை. 1951-இல் பழைய நகருக்குள் ஏறத்தாழ 1,25,000 பேர் வாழ்ந்தார்கள். 1981-இல் 40,000-க்கும் கீழே. இடையில் 1968 ஜனவரியில் பெலீச்சே பள்ளத்தாக்கில் நிலம் நடுங்கியது. பலெர்மோவின் பழைய வீடுகள் மேலும் விரிசல் கண்டன. குடும்பங்களை வெளியேற்ற அது நல்ல காரணமாயிற்று. வடக்கு ஓரத்தில் 'ஸேன்' என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. சந்தை அங்கே போகவில்லை. போனவர்கள் பேருந்தேறிக் காய் வாங்கத் தினமும் வரவும் மாட்டார்கள். மீனைக் கையில் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் வீடு போய்ச் சேரும் மக்கள் இருந்தவரை வுச்சிரியா சந்தையாக இருந்தது. அவர்கள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்ததும் மீன்காரர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டினார்கள். குத்தூசோ வரைந்த பெண் முதுகைக் காட்டி நடந்துகொண்டிருப்பதை இந்த எண்களைப் படித்த பிறகு நான் வேறு விதமாகப் பார்க்கிறேன்.

பல்லாரோ சூழ்ந்த அல்பெர்கேரியாவும் அதே குண்டுகளையும் அதே நகராட்சியையும் தாங்கிய பேட்டைதான். அங்கும் வீடுகள் காலியாயின. வேறுபாடு அதற்குப் பிறகு நேர்ந்தது. மலிவு வாடகையும் ரயில் நிலையத்தின் அருகாமையும் புதியவர்களை இங்கே இழுத்தன. 1980-களிலிருந்து வங்கதேசத்தவர், கானா, நைஜீரியா நாட்டவர், துனீசியர், மொரீசியர், இலங்கைத் தமிழர் என்று ஒவ்வொரு கூட்டமாக வந்து, சொந்த ஊர்க்காரர் விட்டுப்போன அறைகளில் அடுப்பு மூட்டினார்கள். தினமும் சமைப்பவர்கள், கையில் காசு குறைந்தவர்கள், வாடிய காயையும் பேரம் பேசி வாங்கத் தெரிந்தவர்கள். திறந்தவெளிச் சந்தைக்கு இவர்களைவிட நல்ல வாடிக்கையாளர் கிடையாது. சிசிலிக் கடைக்காரரின் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் இப்போது மரவள்ளிக்கிழங்கும் வாழைக்காயும் வெண்டைக்காயும் இருக்கின்றன.

கூவல் மட்டும் பழையது. 'அப்பன்னியாத்தா' என்பார்கள். கடைக்காரர் தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, காயின் பெயரைத் தாழ்ந்த குரலில் எடுத்து, கடைசி உயிரெழுத்தை நெடுநேரம் இழுத்து, விலையில் வந்து வெட்டென்று நிறுத்துவார். எதிர்க்கடை அந்த நிறுத்தத்துக்காகவே காத்திருந்து தொடங்கும். சிவப்புத் துணிப்பந்தலின் அடியில் அந்த வெளிச்சமும் சத்தமும் சேரும்போது, தக்காளிக்கு மட்டுமின்றி மனிதர்களின் முகத்துக்கும் ஒரு சிவப்பு ஏறுகிறது. வங்கதேசத்து இளைஞர் ஒருவர் அதே இழுப்போடு சிசிலி மொழியில் தர்பூசணி கூவியதைக் கேட்டேன். பிழையில்லாத சுதி.

அங்கேதான் தெனெரூமியைப் பார்த்தேன். இலைக்கட்டு, மென்மையான மயிர் படர்ந்த அகன்ற இலைகள், பற்றுக்கம்பிகளோடு. பக்கத்தில் வெளிர் பச்சையாக, பாம்புபோல வளைந்து ஒரு மீட்டர் நீளம் கிடந்த காய். நிமிடம் ஒன்று ஆனது அடையாளம் பிடிபட. சுரைக்காய். நம்முடைய சுரையேதான், நீள்வகை. இலைக்கட்டு அதன் கொழுந்து. பெயரின் பொருளும் அதுவே: 'தெனெரோ' என்றால் இளசு, தெனெரூமி என்றால் கொழுந்து. நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது தமிழில் குரல் கேட்டது.

"இது எங்கட சுரைதான், தம்பி. இவையள் கொழுந்தைத் தக்காளியோட அவிச்சு, பாஸ்தாவை உடைச்சுப் போட்டுச் சாப்பிடுவினம்."

ஐம்பது வயது மதிக்கத்தக்க யாழ்ப்பாணத்துப் பெண். பலெர்மோவில் சில ஆயிரம் இலங்கைத் தமிழர்கள் வாழ்கிறார்கள். பலர் போர்க்காலத்தில் வந்தவர்கள். வீட்டு வேலை, முதியோர் பராமரிப்பு என்று தொடங்கியவர்கள். ஊரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயில் பெல்லெக்ரீனோ மலைமேல் இருக்கிறது. 1624-இன் கொள்ளைநோயில் ஊரைக் காத்தவள் என்று பலெர்மோ நம்பும் புனிதை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலைக்கு ஏறுபவர்களில் தமிழர்கள், அதுவும் சைவத் தமிழர்கள், கணிசமானவர்கள். நான் கேட்டேன், "அக்கா, நீங்களும் பாஸ்தாதான் செய்வீங்களா?"

"நான் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுப்பன். மகளுக்கு அது பிடிக்காது. அவள் பிறந்தது இஞ்சதானே. அவளுக்குப் பாஸ்தாதான் வேணும்."

ஒரே கட்டுக் கொழுந்து; ஒரே வீட்டில் இரண்டு சமையல்.

இந்த மக்கள் சந்தைக்குக் காசு கொண்டுவந்தார்கள் என்பதோடு முடிந்துவிடவில்லை. பலெர்மோக் கடைகளிடம் மாஃபியா வாங்கும் மாமூலுக்குப் 'பிட்சோ' என்று பெயர். தலைமுறை தலைமுறையாக ஊர்க்காரர்கள் அதை வாடகைபோலக் கொடுத்துப் பழகியிருந்தார்கள். அதை எதிர்த்து 2004-இல் இளைஞர்கள் சிலர் 'அத்தியோபிட்சோ', அதாவது 'பிட்சோவுக்குப் பிரியாவிடை', என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். 2016 ஏப்ரலில் பல்லாரோவை ஒட்டிய மக்வேதா தெருப் பக்கம் காம்பியா நாட்டு இளைஞர் ஒருவர் தலையில் சுடப்பட்டார், உயிர் பிழைத்தார். அதன் பிறகு அந்தத் தெருவின் கடைக்காரர்கள், பெரும்பாலும் வங்கதேசத்தவர், அந்த இயக்கத்தின் துணையோடு போலீசிடம் பெயர் சொல்லிப் புகார் கொடுத்தார்கள். மே மாதம் பத்துப் பேர் கைதானார்கள். குடியுரிமை இல்லாதவர்கள், ஊர் மொழி அரைகுறையாகத் தெரிந்தவர்கள், கடையையும் உயிரையும் ஒருசேரப் பணயம் வைத்து ஒரு தெருவே திரண்டு செய்த காரியம் இது. பல்லாரோவைப் பற்றிப் பேசும் பயண நூல்கள் பொரித்த பண்டங்களுக்குத் தரும் இடத்தில் பத்தில் ஒன்றையாவது இதற்குத் தர வேண்டும்.

என்னைப் போன்றவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015-இல் பலெர்மோவின் அரபு-நார்மானியக் கட்டடங்களை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2018-இல் இந்நகர் இத்தாலியின் பண்பாட்டுத் தலைநகராக இருந்தது. மலிவு விமானங்கள் வந்தன. பல்லாரோவில் இப்போது காய்க்கடைகளின் நடுநடுவே மேசை நாற்காலி போட்ட பொரிப்புக் கடைகள். எல்லாம் கலந்த ஒரு தட்டு, ஒரு குவளை மது, நின்று ஒரு படம். காய் விற்பவர் ஒருநாளில் சம்பாதிப்பதைப் பொரிப்பவர் நண்பகலுக்குள் சம்பாதித்துவிடலாம். கடையை மாற்றுவதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மேலே இருக்கும் அறைகளும் நாள்வாடகைக்குப் போகத் தொடங்கிவிட்டன. சூறைக்காலத்தில் வீடு காலியானதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். இப்போதோ வீட்டில் விளக்கு எரிகிறது, ஆள் இருக்கிறார், பால்கனியில் துணி காய்கிறது. சமைப்பதற்குத்தான் யாரும் இல்லை. இந்த முறை கல் காய்ந்தால் அது கூட்டத்துக்கு நடுவிலேயே காயும்.

முதல் நாள் நானும் தட்டு வாங்கி நின்று சாப்பிட்டவன்தான். அக்காவோடு பேசிய பிறகு, தங்கியிருந்த அறையின் மூலையில் இருந்த ஒற்றை அடுப்பைப் பற்ற வைத்தேன். தெனெரூமிக் கட்டு ஒன்று கேட்டபோது கடைக்காரர் என்னையும் என் முதுகுப்பையையும் பார்த்துவிட்டு, கரண்டியால் கிளறுவதுபோலக் கையை ஆட்டி, சமைக்க இடம் இருக்கிறதா என்று சைகையில் கேட்டார். தலையாட்டினேன். கட்டை எடைபோட்டுக் கொடுத்தார். எனக்கு முன்னால் வாங்கிய பெண்ணின் பையில் துளசி இனத்துப் 'பசிலிகோ' ஒரு கொத்தைச் சும்மா போட்டதைக் கவனித்திருந்தேன். நம் ஊரில் கறிவேப்பிலைக் கொசுறு போடுவதுபோல. என் பையில் போடவில்லை.

இலைகளைக் கழுவி, நரம்பை நீக்கி, பூண்டும் தக்காளியும் சேர்த்து வேகவைத்தேன். உடைத்த பாஸ்தாவை அந்த நீரிலேயே போட்டேன். நீர் இறுகாமல், நம் கீரைத் தண்ணிச்சாறு பதத்தில் இறக்க வேண்டும். லேசான கசப்பு, பிறகு இனிப்பு. மறுநாள் காலை இன்னொரு கட்டும் இரண்டு தக்காளியும் வாங்கினேன். மூன்றாம் நாளும் அதே கடைக்குப் போனேன். அவர் எதிர்க்கடையின் கூவலுக்குப் பதில் கூவிக்கொண்டே எடை போட்டார், காசை வாங்கினார், என் பக்கம் திரும்பாமலேயே பசிலிகோவில் ஒரு கொத்தைக் கிள்ளி என் பையில் போட்டுவிட்டு அடுத்தவரிடம் போனார்.